கொத்மலை: செக்ரோலில் தேடும் முன்னோர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ், புசல்லாவையைத் தாண்டியதும் மலையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும். மேலே தேயிலை, கீழே கொத்மலை நீர்த்தேக்கம். மகாவலித் திட்டத்தில் சுவீடன் உதவியோடு கட்டி, 1985இல் திறந்த அணை அது. 87 மீட்டர் உயரம். பழைய சிங்களக் கிராமங்கள் பல அதற்குள் போய்விட்டன. வறட்சியில் தண்ணீர் வற்றினால் கடதொர விகாரையின் இடிபாடு தலைகாட்டும். ஊரை இழந்தவர்கள் வந்து நின்று, தங்கள் வீடு இருந்த திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

மேலே தேயிலைக்குள் வாழ்கிற, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் வம்சத்துக்கு அப்படிக் காட்ட ஒரு வீடும் இல்லை. குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். காணி உறுதி என்று ஒன்று பெரும்பாலோர் கையில் இருந்ததே இல்லை. அப்படியானால் இங்கே முதலில் வந்த குடும்பம் எது என்று எங்கே போய்த் தேடுவது?

வெள்ளைக்காரத் துரைமார் கதை எளிது. புசல்லாவையில் 1841இல் காப்பி போட்ட டி வோம்ஸ் சகோதரர்கள் முதல், அவர்கள் பெயர்கள் அச்சில் இருக்கின்றன. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் துரை என்பதையெல்லாம் பெர்குசன் டைரக்டரி பட்டியல் போட்டு வைத்தது. பூண்டுலோயாப் பக்கம் அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஈட்டன், ஹாரோ என்று இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள், டன்சினன் என்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் குன்று. ஊர் ஏக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. அதை மலைமேல் எழுதிவைக்கும் அதிகாரமும் இருந்தது.

நம்மவர்கள் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் ஏறியது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று வேலைக்குப் போனால் ஒரு பேர். பாதியில் திரும்பினால் அரைப்பேர். தோட்டத்துப் பேச்சில் பேர் என்றாலே ஒரு நாள் கூலிதான். அதற்கும் முந்திய காகிதம் துண்டு. கூலிகளைத் திரட்டி வந்த பெரிய கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் எவ்வளவு என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதை வைத்துத்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் மாறினார்கள். 1921இல் ஒழிக்கப்படும்வரை அந்த முறை இருந்தது. நம் முன்னோரைப் பற்றிய மிகப் பழைய எழுத்து, அவர்கள் பட்ட கடனைப் பற்றியது.

குடும்பம் குடும்பமாகக் காகிதம் சேர்ந்தது 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகுதான். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து பல வருஷம் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும்: கல்யாணமானவருக்கு 7, ஆகாதவருக்கு 10. எழுத்தறியாதவர்கள் பிறப்புச் சான்றுக்கும் செக்ரோல் பதிவுக்கும் அலைந்தார்கள். கருப்பாயி ஒரு தாளில் கருப்பாய் ஆனாள், இன்னொன்றில் கறுப்பம்மா ஆனாள். கிளாக்கர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார். மூன்று தாளும் ஒருத்தியுடையவை என்று இன்று சொல்ல ஒரு பேத்தி வேண்டும்.

1964இல் இரு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் கோத்தகிரிக்குப் போக, தம்பி பூண்டுலோயாவிலேயே நின்ற வீடுகள் உண்டு. அதனால் வம்சாவளியில் பாதி இங்கே இருந்தால் மீதி நீலகிரியில் இருக்கும்.

காகிதம் நின்றுபோகும் இடத்தில் பேச்சுத்தான் கைகொடுக்கும். ஆனால் "இந்தத் தோட்டத்துக்கு எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. தோட்டங்களை வாட்டிய பஞ்சத்துக்கு முன்னாலா, தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததற்குப் பின்னாலா, அணை கட்டும்போதா என்று கேட்க வேண்டும். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் பாதை வருவதற்கு முன், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கதையை, நடந்தவரின் பேரப்பிள்ளைகள் தாங்களே நடந்ததுபோலச் சொல்வார்கள்.

இந்தப் பேச்சின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் இதே மண்ணில் பிறந்தவர். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கங்காணி குடும்பத்துப் பிள்ளை; 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். லயத்தில் பாடப்பட்ட பாட்டுகளைக் கேட்டு எழுதிச் சேர்த்தார். துரையும் கங்காணியும் கப்பலும் அந்தப் பாட்டுகளுக்குள் உண்டு, செக்ரோல் எழுதாத கோபத்தோடு.

இனித் தேடப் போகிறவர்களுக்கு ஒன்று. பெரியவர்களிடம் உட்கார்ந்தால் ஊர்ப்பெயரை முதலில் கேட்காதீர்கள். அது மூன்று தலைமுறையில் தேய்ந்து "திருச்சிப் பக்கம்" என்று மட்டும் நிற்கும். குலதெய்வம் எது, எந்த ஆற்றங்கரையில், எந்த மரத்தடியில் என்று கேளுங்கள். அக்கரையில் எந்தக் கிராமம் என்பது பெரும்பாலும் அதிலிருந்துதான் பிடிபடும். செக்ரோலில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.