கணினி தின்ற கடைசி இலக்கங்கள்

மலையகத் தோட்டத்து ஆளுக்குப் பெயர் ஒன்றுதான். எழுதியிருப்பது பல விதம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. அடையாள அட்டை எண்ணாவது மாறாது என்று நம்பியிருந்தோம்.

என் பெரியம்மா வேலையை விட்டு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு விண்ணப்பித்தார். பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 என்பது விதி. அவர் சம்பளத்தில் பிடித்தது 8 வீதம், தோட்டம் போட்டது 12 வீதம். காசு இருந்தது, ஆனால் பதிவிலிருந்த எண் அட்டையோடு பொருந்தவில்லை. கடிதம் கேட்டுக் கேட்டு அலைந்தார். கூடப் போன மருமகளுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், நட்டம்.

பிறகு லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. எக்செல்லில் திறந்தால், பழைய ஒன்பது இலக்க எண்கள் கடைசியில் 'வி' எழுத்து இருந்ததால் தப்பியிருந்தன. 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்கள் பல 1.98557E+11 என்று நின்றன. எக்செல் அவற்றை வெறும் எண்ணாக எடுத்துச் சுருக்கியிருக்கிறது, அப்படியே சி.எஸ்.வி கோப்பாகச் சேமித்ததில் கடைசி ஆறு இலக்கமும் போய்விட்டன.

ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் பார்த்து முடியாது. பைத்தனில் பாண்டெரா போன்ற இலவசக் கருவிகள் இதற்கென்றே உண்டு. விதியை ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு வரியையும் அதுவே சோதிக்கும். அங்கத்துவ எண் காலியாக இருக்கக் கூடாது. அடையாள எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், அல்லது பன்னிரண்டு இலக்கம். எண்ணில் உள்ள பிறந்த ஆண்டும் பட்டியலின் பிறந்த திகதியும் ஒத்துப்போக வேண்டும்.

ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளின் வரிசை, எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எண்ணியது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1985 மார்ச் 13இல் பிறந்த பெண்ணுக்கு 573. இது தெரியாமல் 366க்கு மேல் பிழை என்று விதி எழுதினால், கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் கணினி தள்ளிவிடும்.

ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற விதியும் போதவில்லை. ஒரே பெண் பழைய எண்ணில் ஒரு வரியிலும் புதிய எண்ணில் இன்னொரு வரியிலும் இருந்தார். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, அதே பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் 0 நுழைத்து, எழுத்தை நீக்கினால் புதிய எண் வரும். எல்லாவற்றையும் அப்படி மாற்றிய பிறகே இரட்டைப் பதிவுகள் அகப்பட்டன.

சிக்கிய வரிகளை நான் திருத்தவில்லை. அக்கம்பக்கத்து வரிகளோடு அச்சிட்டு, ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் வாசித்தோம். ஷொப்பிங் பையில் சுற்றிய அட்டையை நீட்டி ஒரு அக்கா கேட்டார்: “தம்பி, நம்பர் சரிதான். ஆனா இது என் தங்கச்சி நம்பர். என்னுது எங்க?” அந்த வரி எல்லா விதியிலும் தேறியிருந்தது, சிக்கியது பக்கத்து வரி.

வடிவம் சரியா என்பதைக் கணினி சொல்லும். ஆள் சரியா என்பதை அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். ஆகவே பட்டியல் வைத்திருப்பவர்கள் எண் நிரலை எழுத்தாகவே சேமியுங்கள், மாதாமாதம் சோதனையை ஓட்டுங்கள், பிழைப் பட்டியலை உரியவர்களிடம் காட்டுங்கள். வேலையில் இருப்பவர்கள் ஈ.பி.எஃப் கணக்குக்கூற்றை வாங்கி, அடையாள அட்டையோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பிழையைத் திருத்த நல்ல காலம், செக்ரோலில் உங்கள் பெயர் இருக்கும் காலம்தான்.