நம்பிக்கையும் இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும்

ரொறன்ரோ



ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவிலும் அதைத் தாண்டி மார்க்கம், ஏஜெக்ஸ் பகுதிகளிலும் தமிழர் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் அடித்தள அறைகளில் வாடகைக்கு இருந்து, பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று உழைத்து வாங்கிய வீடுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மாடிப்படி ஏற முழங்கால் மறுக்கிறது. சின்ன வீடு போதும் என்று தோன்றும் வயது வந்துவிட்டது. பலருக்கு வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரே சொத்தில்தான் இருக்கிறது. அதை விற்றுத்தர ஒரு முகவரைத் தேடும்போது பெரும்பாலும் எழும் முதல் கேள்வி, ஆள் எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்பதே. நல்ல முகவர் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என்ன விலைக்கு, எவ்வளவு காலம் காத்திருந்து விற்பது என்ற இரண்டு முடிவுகளையும் வீட்டுக்காரர் தம் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அதை ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்க வேண்டும். முகவர்களின் நேர்மையைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கூலி கணக்கிடப்படும் முறையைப் பார்த்துச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். இங்கே விற்பவர் தரும் கமிஷன் வழக்கமாக 5 சதவீதத்தை ஒட்டிப் பேசப்படுகிறது. பாதி விற்பவரின் முகவர் நிறுவனத்துக்கும் பாதி வாங்குபவரின் முகவர் நிறுவனத்துக்கும் போகும். இது சட்டம் விதித்த விகிதமல்ல, பேசிக் குறைக்கலாம். 10 லட்சம் டொலருக்கு வீடு விற்றால் கமிஷன் 50,000 டொலர், அதன்மேல் 13 சதவீத விற்பனை வரி 6,500 டொலர். இப்போது இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் கூடுதலாக 20,000 டொலர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கமிஷனும் வரியும் போக அதில் 18,870 டொலர் வீட்டுக்காரருக்கு. அவருடைய முகவர் நிறுவனத்துக்குக் கிடைப்பது 500 டொலர். அதிலும் நிறுவனத்தின் பங்கு போக மிச்சம்தான் முகவர் கைக்கு வரும். அந்தச் சில நூறு டொலருக்காக அவர் இரண்டு வாரம் வீட்டைக் காட்ட வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும், வாங்குபவர் மனம் மாறிவிடுவாரோ என்று கவலைப்பட வேண்டும். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், வந்த ஓஃபரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அவருக்குத் தோன்றும். தாம் சொல்வது சரி என்றே அவர் மனதார நம்பவும் கூடும்.

இது வெறும் ஊகம் அல்ல. பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் அமெரிக்காவில் சிக்காகோ வட்டாரத்தில் விற்கப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளின் விவரங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் மூவாயிரத்துச் சொச்சம் வீடுகள் முகவர்களுக்கே சொந்தமானவை. இடம், அளவு, வசதி எல்லாம் ஒத்துப்பார்த்த பிறகும், முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது ஏறத்தாழ 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றிருந்தார்கள். அந்த வீடுகள் சந்தையில் சராசரியாக 9.5 நாள் கூடுதலாக இருந்தன. தன் வீடென்றால் பொறுமை, பிறர் வீடென்றால் அவசரம் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. விற்பவருக்கும் முகவருக்கும் இடையே விவரம் தெரிவதில் இடைவெளி கூடும்போது இந்த வேறுபாடும் கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நமக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். முகவர் இங்கேயே நம்மோடு வாழ்பவர், கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர், பெயர் கெட்டால் பிழைப்புப் போய்விடும், அதனால் நமக்குக் குறைவு வைக்கமாட்டார் என்பார்கள். ஏமாற்றும் பொய்யும் என்றால் இந்த வாதம் பலமானதுதான். அவை வெளியே தெரியும், பெயரைக் கெடுக்கும். ஆனால் 3 சதவீதம் குறைந்து விற்றது யாருக்கும் தெரியாது, விற்றவருக்கே தெரியாது. ஒரே வாரத்தில் விற்றுத்தந்தார் என்ற பேச்சுதான் ஊரில் பரவும். வேகத்துக்குத்தான் புகழ் சேரும். தெரிந்தவர் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய சமூகத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே முகவரை நம்பி வருவது எளிதில் நடக்கும். ஒன்ராறியோச் சட்டம் இருவருடைய எழுத்துச் சம்மதத்தோடு அதை அனுமதிக்கிறது. ஆனால் சம்மதம் கொடுத்த நிமிடம் முதல் அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. எந்த விலைக்கு ஒத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கு ஆலோசனை சொல்லவும் கூடாது. எதற்காக அவரை அமர்த்தினீர்களோ அந்த ஆலோசனையே இல்லாமல் போகிறது. கமிஷனில் அதற்கேற்ற குறைப்பு கிடைத்தாலும் இது நல்ல பேரம் அல்ல.

அப்படியானால் முகவரே வேண்டாம், நாமே விற்றுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வொன்று, தாமாக விற்றவர்கள் குறைந்த விலை பெறவில்லை என்றே கண்டது. ஆனால் அவர்களுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. பலர் பாதியில் கைவிட்டு முகவரிடம் போனார்கள். நேரமும் ஆங்கிலமும் பேரம்பேசும் துணிவும் உள்ளவர்களுக்கு அது சரியான வழி. எழுபதை எட்டிய பெற்றோருக்கு, அந்நியர்களுக்கு வீட்டைத் திறந்துகாட்டி, பக்கம் பக்கமான படிவங்களை நிரப்புவது பெரும்பாரம். வேறு சிலர் கமிஷனைக் குறைத்தால் போதும் என்பார்கள். பேசிப் பார்க்கலாம். ஆனால் வாங்குபவரின் முகவருக்குப் போகும் பங்கை மட்டும் வெட்டினால் விளைவு வேறு விதமாகலாம். பாஸ்டன் வட்டாரத்தில் நடந்த ஆய்வு, வாங்குபவரின் முகவருக்குக் குறைந்த கமிஷன் வைத்த வீடுகள் விற்க நாளானதையும் விற்காமலே போகும் வாய்ப்பு கூடியதையும் காட்டியது. கமிஷன் குறைவதால் முகவரின் அவசரமும் குறைந்துவிடாது.

விலை ஏறினால் கமிஷன் விகிதத்தையும் ஏற்றித் தருவதாக எழுதிவிட்டால் என்ன? ஒன்ராறியோவில் அதற்கு வழியில்லை. பட்டியலிட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கூலி பேச முடியாது. விகிதத்தைப் படிப்படியாக வைத்தாலும் விலை ஏற ஏற அது இறங்க மட்டுமே முடியும். முகவரே விலையைத் தாழ்த்திப் பட்டியலிட்டு மேல்வரும் தொகையை அள்ளிவிடாமல் இருக்க இந்தத் தடை தேவைதான். ஆகவே, கூலியை மாற்றி முகவரின் நோக்கத்தை நம் நோக்கத்தோடு சேர்த்துவிட முடியாது. விவரமும் ஒப்பந்தமும்தான் மிச்சமுள்ள இரண்டு வழிகள்.

இரண்டும் இப்போது எளிதாகியிருக்கின்றன. விற்ற வீடுகளின் விலையை இணையத்தில் காட்ட ரொறன்ரோ முகவர் சங்கம் போட்டிருந்த தடை, நீண்ட வழக்குக்குப் பின் 2018-இல் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. உங்கள் தெருவில் அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று இன்று நீங்களே பார்க்கலாம். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்ட விதிகளின்படி, ஒழுங்குமுறை அமைப்பான ரெக்கோ தயாரித்த வழிகாட்டியை முகவர் முதலில் உங்களிடம் தந்து விளக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் கேட்டுக்கொண்டால், போட்டி ஓஃபர்களின் விவரங்களை, கொடுத்தவர்களின் அடையாளம் தவிர்த்து, ஓஃபர் கொடுத்த எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லவும் முடியும். நீங்கள் கேட்காவிட்டால் அது நடக்காது. சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான்: கேட்பவருக்குக் கிடைக்கும்.

ஆகவே வீடு விற்கப் போகிறவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவர் ஒருவரோடு நிறுத்திவிடாமல் மூன்று முகவர்களிடம் தனித்தனியே விலை மதிப்பீடு வாங்குங்கள். எந்த விற்பனைகளை வைத்து அந்த விலையைச் சொன்னார் என்று கேளுங்கள். விலையைத் தாழ்த்திப் போட்டு ஒரே இரவில் ஓஃபர்களை வாங்கலாம் என்றால் நின்று யோசியுங்கள். 2022 மார்ச்சில் கனடா வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்குவதற்கு முன்னிருந்த சூட்டில் பலித்த வழி அது, வாங்குவோர் குறைந்த சந்தையில் தாழ்த்திய விலையே எல்லோருடைய பேரத்துக்கும் தொடக்கமாகிவிடும். ஒப்பந்தக் காலம் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். காலம் முடிந்த பிறகும் கமிஷன் கேட்க இடம் தரும் பிரிவு எத்தனை நாளுக்கு என்று பார்த்துக் குறையுங்கள். ஒரே முகவர் இரு பக்கமும் நிற்க முடியாது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இவற்றையெல்லாம் கேட்டால் ஊர்க்காரர் மனம் புண்படுமே என்று தயங்காதீர்கள். தன் தொழிலை அறிந்த முகவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். சுளிப்பவரிடம் உங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டாம்.