கம்பி எத்தனை சென்ரிமீற்றர்?



"ஓட்டோவில கம்பியொன்றப் பூட்டிக்கொண்டு திரியிறீங்களே, அது என்ன சேர்?" என்று சித்தாண்டியில் எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் பலமுறை கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

கத்தாரிலிருந்து வந்த மச்சான் கைக்கடக்கமான ஒரு ஸ்கேனர் றேடியோ கொண்டுவந்து தந்தார். பெட்டியைக் கண்டதும் எங்கள் வாப்பாவின் முகம் மாறிவிட்டது. "தம்பி, கம்பி ஏத்துற வேலை நமக்கு வேணாம்" என்றார். யுத்த காலத்தில் கூரைக்கு மேலே புதிதாக ஒரு கம்பி தெரிந்தால் வீட்டுக்காரர் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது அந்த வயதுக்காரருக்குத் தெரியும். தமிழர் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது, எங்கள் வீட்டிலும் இருந்தது.

அவருடைய பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டோம். பதில் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். வாப்பாவுக்கு இன்னொன்றும் சொன்னோம். 2004 சுனாமியில் போன் தொடர்பு அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி போனது, அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களின் கம்பி வழியாகத்தான்.

அடுத்தது அன்டெனா. வாகனத்தில் காந்தத்தோடு ஒட்டும் வகையில் ஒன்றை 4500 ரூபா கொடுத்து வாங்கினோம். "25 முதல் 1300 மெகாஹேர்ட்ஸ் வரை எல்லா அலைவரிசையும்" என்று பெட்டியில் போட்டிருந்தது. நாங்களும் ஆசைப்பட்டுவிட்டோம். பூட்டிப் பார்த்தால், தெற்கே அம்பாறைப் பக்கமிருந்து வரும் பிறை எப்.எம். ஒரே இரைச்சல்!

படிப்பிக்கிற நாங்களே பாடத்தை மறந்துபோனோம். 75ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலை நீளம் மீற்றரில் வரும். எப்.எம். 100க்கு 75 சென்ரிமீற்றர். அமெச்சூர்காரர்களின் 145க்கு ஏறத்தாழ 52. கப்பல், படகுகளின் அவசர அலைவரிசையான 16ஆம் இலக்கம் 156.8இல் இருக்கிறது, அதற்கு 48. 435க்கு 17தான். வெட்டும்போது இதில் ஐந்து வீதம் குறைத்து வெட்டினால் சரி.

52 என்பது 17இன் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் 145க்கு வெட்டிய ஒரே கம்பி 435க்கும் ஓரளவு வேலை செய்யும். பல பட்டை அன்டெனாக்களில் நேர்மையானவை இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. நாங்கள் வாங்கியதோ 40 சென்ரிமீற்றர் கம்பி, அடியில் ஒரு சுருள். சுருள் போட்டால் குட்டைக் கம்பியும் நெட்டைக் கம்பிபோல நடிக்கும், ஆனால் அந்த நடிப்பில் சத்தம் குறைந்துபோகும்.

இரண்டாவது பிழை எங்களுடையது. இந்த வகை அன்டெனாவுக்குக் கீழே உலோகத் தகடு வேண்டும். வானின் கூரை இரும்பு. எங்கள் ஓட்டோவின் கூரை றெக்சின்! காந்தம் எதில் ஒட்டும்? ஒரு மீற்றர் அகலத் தகரத் துண்டொன்றைக் கூரைச் சட்டத்தில் கட்டி அதன்மேல் வைத்தோம். வயரையும் தேவையான அளவுக்குக் குறைத்தோம். மெல்லிய ஆர்.ஜி. 58 வயர் பத்து மீற்றர் ஓடினால் 435இல் வந்த சக்தியில் பாதிக்கு மேல் வயரிலேயே போய்விடும்.

2024 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. முந்தனையாற்றுத் தண்ணீர் எங்கே ஏறிவிட்டது, எந்தப் பாதையால் போகலாம் என்று ஆளுக்கொரு கதை. விலை கொடுத்த குட்டைக் கம்பியைக் கழற்றிவிட்டு 71 சென்ரிமீற்றர் செப்புக் கம்பியைப் பூட்டினோம். செய்தி தெளிவாக விழுந்தது. பக்கத்து வீட்டாரும் வந்து திண்ணையில் இருந்து கேட்டார்கள். தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது வாப்பா. "இன்னும் கொஞ்சம் உயத்திப் பிடிக்கட்டா?" என்று கேட்டார். எங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். பெட்டியில் எத்தனை அலைவரிசை போட்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். நீங்கள் உண்மையில் கேட்கப்போவது எவை என்று இரண்டை எழுதுங்கள், நீளத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். உங்கள் றேடியோவின் வாய் பி.என்.சி.யா எஸ்.எம்.ஏ.யா என்று முதலே பாருங்கள். இடி முழங்கினால் உடனே கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்கேனரில் அடுத்தவர் பேச்சும் விழலாம். விழுந்தால் திருப்பிவிடுங்கள். பிறரைத் துருவிப் பார்ப்பதை சூரா ஹுஜுராத் தடுக்கிறது. கம்பியைக் கண்டு ஒரு தலைமுறை பயந்தது. அந்தப் பயம் திரும்பி வராமல் பார்ப்பது கம்பி பூட்டுகிற எங்கள் பொறுப்பு.

மிச்சச் செப்புக் கம்பி வீட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் வாருங்கள், இன்ஷா அல்லாஹ் அளந்து வெட்டித் தருகிறோம்.