ஓடாத காரின் விலை

சின்னமனூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் 1968 மாடல் அம்பாசிடர் பன்னிரண்டு ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். மதுரையிலிருந்து வந்தவரோ அதைப்போல் மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, உடலும் எஞ்சினும் மாறாதிருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதி இடமளிக்கிறது; அதுவே அவர் கணக்கு. ஆர்.சி. புத்தகமும் பத்திரமாக இருந்தது. துருவேறிய பானட்தான் திறக்கவில்லை.

ஏலக்காய் மூட்டைகளோடு போடிமெட்டுக்கும் கம்பத்துக்கும் அலைந்த நாட்களில், பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் அப்பா டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார். முன்பணம் நீட்டப்பட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாதான் சொன்னாள்: “எஞ்சின் பழசில்ல தம்பி. அவுக டீசலுக்கு மாத்திட்டாக.”

விலை பாதியாயிற்று. இரும்புக் கடைக்காரர் சொன்னதைவிடச் சற்றே அதிகம். நியாயமான விலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறோம்.