கடைசிப் பாட்டு வரைக்கும்: 2022இன் திரையிசை நாட்குறிப்பு

பிப்ரவரி 14

'பீஸ்ட்' படத்தின் 'அரபிக் குத்து' இன்று மாலை வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் தெருவில் வீட்டுக்கு வீடு அதே பாட்டு. சிவகார்த்திகேயன் எழுத, அனிருத்தும் ஜோனிதா காந்தியும் பாடியிருக்கிறார்கள். அரபு மெட்டின் சாயலை நம் ஊர்க் குத்துத் தாளத்தில் ஏற்றும்போது இரண்டும் ஒட்டாமல் போகிற ஆபத்து உண்டு. இங்கே நன்றாக ஒட்டியிருக்கிறது. ஆட்டப் பாட்டின் முதல் கடமை காலை அசைய வைப்பது. அதை இது செய்கிறது. இயக்குநர் நெல்சனும் அனிருத்தும் சேர்ந்த 'கோலமாவு கோகிலா' (2018), 'டாக்டர்' (2021) இரண்டின் பாடல்களும் எனக்குப் பிடித்தவை. 'பீஸ்ட்' மீது ஆசை கூடிவிட்டது.

இந்த ஆண்டுக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறேன். விளம்பரத்தோடு வரும் முதல் பாட்டை வைத்து எந்த ஆல்பத்தையும் எடைபோட மாட்டேன். யாரும் கொண்டாடாத பாட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஏப்ரல் 14

நேற்று 'பீஸ்ட்' வெளியானது. ஆல்பத்தில் மூன்றே பாட்டு. 'அரபிக் குத்து', விஜய் பாடிய 'ஜாலியோ ஜிம்கானா', நாயகனின் புகழ் பாடும் 'பீஸ்ட் மோட்'. இரண்டாவது கேட்கும்போது இனிக்கிறது, பிறகு மனதில் நிற்கவில்லை. மூன்றாவது பாட்டைப் படத்தின் பின்னணி இசையிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. நிதானமாக ஒரு காதல் பாட்டு இல்லை, தனிமையில் கேட்க ஒரு பாட்டு இல்லை. பந்தியில் உட்கார வைத்து வடையை மட்டும் பரிமாறி எழுப்பிவிட்டது போல இருக்கிறது. எதிர்பார்ப்பும் கையில் கிடைத்ததும் இவ்வளவு விலகிய ஆல்பம் இந்த ஆண்டு இன்னொன்று வருமா என்று தெரியவில்லை.

ஜூன் 5

'விக்ரம்'. கமல்ஹாசன் தானே எழுதிப் பாடிய 'பத்தல பத்தல' சென்னைத் தெருப்பேச்சின் துள்ளலோடு மே மாதத்தில் எங்கும் ஓடியது. தியேட்டரில் என்னை இழுத்தது 'போர்கண்ட சிங்கம்'. ரவி ஜியின் குரலில், மகனை இழந்த தகப்பனின் துயரம் சத்தம் போடாமல் வருகிறது. பின்னணி இசையில் அனிருத் இந்தப் படத்தில் உச்சத்தில் இருக்கிறார்.

படத்தில் விசில் பறந்த இன்னொரு பாட்டு 'சக்கு சக்கு வத்திக்குச்சி'. இது 1995இல் வந்த 'அசுரன்' படத்துக்கு ஆதித்யன் போட்டது. 'அமரன்' (1992) படத்தில் அறிமுகமாகி, 2017இல் மறைந்தவர். இன்று பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்கிறார்கள். ஆதித்யன் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 26

'மாமனிதன்'. இளையராஜாவும் யுவன் சங்கர் ராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம், இயக்கம் சீனு ராமசாமி. அப்பாவின் மண்வாசனையும் மகனின் குரலும் ஒரே ஆல்பத்தில் என்றால் என்னைப் போன்றவர்கள் எவ்வளவு கனவு காண்போம்! யுவன் பாடிய 'ஏ ராசா' அந்தக் கனவுக்கு நியாயம் செய்கிறது. மற்ற பாட்டுகள் கதையோடு வந்து கதையோடு போய்விடுகின்றன. படத்துக்கு வெளியே தனியாக உயிர்வாழும் பாட்டுகளை நமக்குக் கொடுத்துப் பழக்கியவர்கள் இந்த இருவர். மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை.

ஜூலை 31

'பொன்னியின் செல்வன்' படத்தின் 'பொன்னி நதி'. 'ரோஜா' வந்து 30 ஆண்டு. மணிரத்னமும் ஏ.ஆர். ரஹ்மானும் இன்னும் புதிதாகத் தேடுகிறார்கள். எழுதியவர் இளங்கோ கிருஷ்ணன், 'காயசண்டிகை' தொகுப்பின் கவிஞர். இலக்கியப் பத்திரிகைகளில் படித்த பெயரைப் பாட்டின் கீழே பார்ப்பதில் தனி மகிழ்ச்சி. சோழ நாட்டின் வளத்தைச் சொல்லும் சொற்கள் குதிரையின் ஓட்டத்தோடு ஓடுகின்றன.

ஆகஸ்ட் 20

'திருச்சிற்றம்பலம்'. 'தங்க மகன்' (2015) படத்துக்குப் பிறகு தனுஷும் அனிருத்தும் சேர்ந்திருக்கிறார்கள். 'மேகம் கருக்காதா' எல்லார் வாயிலும் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். என் விதிப்படி நான் போய் நின்றது 'தேன்மொழி'யில். அனிருத்தின் மெட்டைச் சந்தோஷ் நாராயணன் பாடுகிறார். ஒரு இசையமைப்பாளர் இன்னொருவருக்காகத் தன் குரலைக் கொடுப்பதில் இருக்கும் பெருந்தன்மை பாட்டிலும் கேட்கிறது. காதல் கைகூடாதவனின் புலம்பல்தான். ஆனால் அழுது வடியவில்லை, தன்மானத்தோடு இருக்கிறது. 'கண்ணீர் சிந்த' வரை ஒரு பாட்டையும் தள்ளிவிடத் தோன்றவில்லை. பிப்ரவரியில் தேடிய அனிருத் ஆகஸ்டில் கிடைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 31

ஒரே நாளில் இரண்டு படங்கள்.

'கோப்ரா'வின் 'தும்பி துள்ளல்' 2020 ஜூனில், ஊரடங்கு நாட்களில் வந்தது. நகுல் அப்யங்கரும் ஸ்ரேயா கோஷலும் பாடிய அந்தக் கல்யாணப் பாட்டு அன்றைக்குப் பெரிய ஆறுதல். படம் இப்போதுதான் வருகிறது. நடுவில் ஒவ்வொரு பாட்டாக இறக்கினார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. ரஹ்மானின் வேலைப்பாடு ஒவ்வொன்றிலும் இருக்கிறது, ஆல்பமாகச் சேர்த்துக் கேட்டால் வெவ்வேறு படங்களின் பாட்டுகள் போலிருக்கின்றன. கேசட் காலத்தில் எல்லாப் பாட்டும் ஒரே நாளில் கைக்கு வரும். எது பிடிக்கும் என்பதைக் கேட்பவர் முடிவு செய்வார். இப்போது அதை முன்கூட்டியே முடிவு செய்து, 24 மணி நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போஸ்டர் அடிக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்காக முன்னிசை சுருங்குகிறது, இரண்டாவது சரணம் காணாமல் போகிறது. மிச்சப் பாட்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இந்த நஷ்டம் இசையமைப்பாளருக்கும் ரசிகருக்கும் பொதுவானது.

'நட்சத்திரம் நகர்கிறது' நேர் எதிர். பா. இரஞ்சித்தின் படத்துக்கு டென்மா இசை. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடையில் பார்த்த அதே துணிச்சல் இங்கே காதலைப் பேசுகிறது. புதுச்சேரியில் நாடகம் போடும் இளைஞர்களின் கதை என்பதால் ஆல்பத்துக்கும் மேடையின் மூச்சு வந்திருக்கிறது. 'ரங்கராட்டினம்' சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இளையராஜா பாட்டை ரசிக்கும் பெண்ணும் அதைச் சகிக்காத காதலனும் சண்டை போடும் காட்சி படத்தில் உண்டு. ஒரு பாட்டைப் பிடிக்கிறது என்று சொல்வதில்கூட ஊரும் சாதியும் அரசியலும் கலந்திருப்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தமிழ்ப்படம் எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 2

பம்பா பாக்யா மறைந்துவிட்டார். '2.0'இன் 'புள்ளினங்காள்', 'சர்கார்' படத்தின் 'சிம்டாங்காரன்', இப்போது 'பொன்னி நதி'. அடிவயிற்றிலிருந்து எழுந்து வரும் கனத்த குரல். அந்தக் குரலுக்கு ரஹ்மான் தொடர்ந்து இடம் கொடுத்துவந்தார். 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வருவதற்குள் போய்விட்டார். இன்று வேறு எதுவும் எழுத மனமில்லை.

செப்டம்பர் 7

நேற்று இரவு சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தின் இசை வெளியீடு. ஆறு பாட்டையும் வரிசையாகக் கேட்டேன். 'ராட்சச மாமனே'வில் கபிலனின் வரிகளில் கம்சன் கதை கூத்தாக விரிகிறது. 'தேவராளன் ஆட்டம்' யோகி சேகரின் குரலில் சாமி வந்தவரின் ஆவேசம். கல்கியின் நாவலில் கடம்பூர் மாளிகை ஆட்டத்தைப் படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். 'அலைகடல்' பூங்குழலியின் பாட்டு. அந்தரா நந்தியின் குரல் துடுப்பு போடும் நிதானத்தில் போகிறது. ஆறில் என் மனம் இதற்குத்தான்.

பத்தாம் நூற்றாண்டு இசை இப்படியா இருந்திருக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் காலத்து யாழை நாம் யாரும் கேட்டதில்லை. பண்ணும் பறையும் கொம்பும் இருந்தன என்று தெரியும், எப்படி ஒலித்தன என்று தெரியாது. தெரியாததைக் கற்பனையால் நிரப்பும் உரிமை கலைஞனுக்கு உண்டு. ரஹ்மான் அதைப் பொறுப்போடு பயன்படுத்தியிருக்கிறார்.

செப்டம்பர் 18

'வெந்து தணிந்தது காடு'. 'மின்னலே' (2001) தொடங்கி கௌதம் வாசுதேவ் மேனனுக்குக் காதலை எழுதிவந்த தாமரை, இதில் தென்மாவட்ட மனிதர்களின் பேச்சுக்கு இறங்கி வந்திருக்கிறார். 'மறக்குமா நெஞ்சம்' ரஹ்மானே பாடியது. 'மல்லிப்பூ' மும்பைக்குப் பிழைக்கப்போன கணவனை நினைத்து ஊரில் காத்திருக்கும் மனைவியின் ஏக்கம். 'மயிலிறகே' பாடிய மதுஸ்ரீயின் குரல். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அடுப்படியில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

"பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கா அக்கா?" என்றேன்.

"எங்கிட்ட கேட்டு எழுதின மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

விமர்சகர்கள் எவ்வளவு எழுதினாலும் இதற்கு மேல் ஒரு பாட்டுக்குப் பாராட்டு கிடையாது.

டிசம்பர் 31

பட்டியலை முடிக்கிறேன். பிடித்தவை: முதலில் 'பொன்னியின் செல்வன்', அடுத்து 'வெந்து தணிந்தது காடு', மூன்றாவது 'திருச்சிற்றம்பலம்', நான்காவது 'நட்சத்திரம் நகர்கிறது'. ஏமாற்றியவை: 'பீஸ்ட்', 'கோப்ரா', மனக்குறையோடு 'மாமனிதன்'. இரண்டு பக்கத்திலும் ரஹ்மானும் அனிருத்தும் இருக்கிறார்கள். ஆகவே குறை திறமையில் இல்லை. முழு ஆல்பமாக நினைத்துச் செய்தபோது வென்றார்கள், துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தோற்றார்கள்.

பொங்கலுக்கு 'வாரிசு', 'துணிவு' பாட்டுகள் இப்போதே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு எந்த ஆல்பம் வந்தாலும் ஒரு தடவையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேளுங்கள். எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் பாருங்கள். நாம் முழுசாகக் கேட்டால்தான் அவர்களும் முழுசாகக் கொடுப்பார்கள்.