கூட்டமில்லாத நாளில் மலாக்கா



பள்ளி விடுமுறை தொடங்கியதும் மலாக்கா நகருக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது நம்மில் பலருக்கு வழக்கம். தோட்டப்புறப் பிள்ளைகள் சிலருக்கு ஆண்டில் கிட்டும் ஒரே சுற்றுலா அது. ஆயினும் அந்நாள்களில் அவர்கள் காண்பது என்ன? முன்னே செல்வோரின் முதுகும் பாட்டு அலறும் ரிக்சா வண்டிகளுமே. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரத்திலிருந்து ஐஸ்கிரீமின் நினைவோடு மட்டும் பிள்ளை வீடு திரும்புவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நெரிசல் நமக்கு மட்டும் உரிய தொல்லையன்று. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024இல், கூட்டம் மிகும் நாள்களில் பகற்பயணிகளிடம் நுழைவுக் கட்டணமே பெறத் தொடங்கியது. அங்குள்ள பேராலயங்களை அமைதியாகக் காண விரும்புவோர் குளிர்காலத்தில் செல்வர். நமக்குக் குளிர்காலம் இல்லை. செவ்வாய், புதன் காலைகள் உண்டு! (ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வார இறுதியில்தான்.)

அத்தகைய ஒரு காலையில் நான்காம் ஆண்டு மாணவர்களைச் செயின்ட் பால் குன்றுக்கு அழைத்துச் சென்றேன். 1521இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம் இன்று கூரையின்றி நிற்கிறது. புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. வெளியே உள்ள அவருடைய சிலைக்கு வலக்கை இல்லை.

“ஏன் டீச்சர் கை இல்லை?” என்றாள் ஒரு சிறுமி, மெல்லிய குரலில். மரம் விழுந்து உடைந்ததாகச் சொல்வார்கள் என்றேன். அவருடைய உடலிலிருந்தும் வலக்கையின் முன்பகுதி 1614இல் எடுக்கப்பட்டு, ரோம் நகரத்து ஜெசு ஆலயத்தில் இன்றும் இருக்கிறது என்றதும் கேள்விகள் ஓயவேயில்லை. விடுமுறைக் கூட்டத்தில் அம்முதற்கேள்வி என் செவியில் விழுந்தே இராது.

கீழே, டச்சுக்காரர்கள் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம். அதன் உத்தரங்கள் ஒவ்வொன்றும் இணைப்பின்றி ஒரே மரத்திலிருந்து அறுக்கப்பட்டவை. பிள்ளைகள் அண்ணாந்து நெடுநேரம் இணைப்பைத் தேடினர். எவரும் அவர்களை நகரச் சொல்லவில்லை.

பாடநேரம் வீணாகும் என்று பெற்றோர் சிலர் தயங்குவது நியாயமே. ஆனால் மலாக்காவின் வரலாறு பாடத்திலேயே இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி பெறுவதுதான் சற்றுச் சுமை; பெற்றோர் ஆசிரியர் சங்கம் தோள் கொடுத்தால் அதுவும் குறையும்.

இறுதியாக ஜாலான் துக்காங் எமாஸ். மலாக்காச் செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1781. அதே தெருவில் கம்போங் கிலிங் பள்ளிவாசல். சற்று அப்பால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். நேரம் மிச்சமிருந்ததால் மூன்றையும் நடந்தே பார்த்தோம். செட்டிகள் வீட்டில் மலாய் பேசுவர் என்று அறிந்த மாணவன் ஒருவன், “அப்படியென்றால் அவர்கள் தமிழரா, இல்லையா?” என்றான். பேருந்து பள்ளியை அடையும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.