அட்மிரல் பிங் செய்த தப்பு என்ன?

ஜான் பிங் (தேடுபொறி இல்லைங்க, அதுக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது) என்ற பெயரை நம்மில் பலர் வோல்டேர் மூலமாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். 1759ல் வந்த 'காண்டீட்' கதையில், ஒரு அட்மிரலைச் சுட்டுக் கொல்லும் காட்சியை வைத்து இங்கிலாந்தை நக்கலடித்திருப்பார். அந்த நக்கல் பிரபலமாகிவிட்டது, செத்துப்போன மனுஷனை யாரும் சரியாக விசாரிப்பதில்லை.

பிங் பிறந்தது 1704ல். அப்பா ஜார்ஜ் பிங், 1718ல் சிசிலிக்குப் பக்கத்தில் ஸ்பெயின் கப்பற்படையை நொறுக்கிய பெரிய ஆள். பையன் 13 வயதில் கப்பலேறினான். அப்பா பெயர் இருந்ததால் பதவி உயர்வுக்குப் பஞ்சமில்லை. பெரிய சண்டை எதையும் தலைமை தாங்கிப் பார்க்காமலேயே 1745ல் ரியர் அட்மிரல்!

இனிமேல்தான் விஷயம். 1744ல் டூலான் அருகே நடந்த சண்டையில் மேத்யூஸ் என்ற பிரிட்டிஷ் அட்மிரல், தன் கப்பல்கள் எல்லாம் வரிசைக்கு வரும்வரை காத்திராமல் எதிரி மேல் பாய்ந்தார். அந்தக் காலத்துப் போர்க்கப்பலில் பீரங்கிகள் பக்கவாட்டில்தான் இருக்கும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்பதுதான் விதி. வரிசையைக் கலைத்ததற்காக மேத்யூஸுக்கு வேலை போனது. பின்னால் தங்கிவிட்ட லெஸ்டாக் தப்பித்துக்கொண்டார். மேத்யூஸை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், நம்ம பிங்.

பத்து வருஷம் கழித்து மினோர்கா தீவைப் பிடிக்க பிரான்ஸ் சுமார் 15,000 பேரை இறக்கியது. லண்டன் அமைச்சரவை ஆற அமர யோசித்து, 1756 ஏப்ரலில் பத்துக் கப்பலோடு பிங்கை அனுப்பியது. போதுமான மாலுமிகள் கிடையாது. ஜிப்ரால்டரில் சில கப்பல்கள் சேர்ந்துகொண்டதால், எண்ணிக்கையில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் குறைவில்லை என்ற நிலை மட்டும் வந்தது.

மே 20ல் சண்டை. பிங்கின் முன்வரிசைக் கப்பல்கள் செம அடி வாங்கின. நடுவில் 'இன்ட்ரெபிட்' பாய்மரம் உடைந்து வழியை மறித்தது. பின்னால் இருந்த பிங் நேராக எதிரி மேல் பாய்ந்திருக்கலாம். கப்பலின் கேப்டனும் அதைத்தான் சொன்னார். பிங் சொன்ன பதில் மேத்யூஸின் கதி! வரிசையைச் சரிசெய்து முடிப்பதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் விலகிப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை.

என்னைக் கேட்டால் பிங்கின் நிஜமான தப்பு அன்றைக்கு நடந்தது அல்ல. நாலு நாள் கழித்து ஆலோசனை நடத்தி, கோட்டையை அப்படியே விட்டுவிட்டு ஜிப்ரால்டருக்குத் திரும்பினாரே, அதுதான். 80 வயது தாண்டிய பிளேக்னி அந்தக் கோட்டையை ஜூன் கடைசிவரை தாக்குப்பிடித்தார். திரும்பாமல் இருந்திருந்தால் என்ற கேள்வி வராமல் இருக்குமா?

ஆனால் அதற்கு மரண தண்டனையா? அரசாங்கம் பிங்கின் கடிதத்தில் தனக்குச் சங்கடமான பகுதிகளை வெட்டிவிட்டுப் பத்திரிகையில் போட்டது. படித்த ஜனங்கள் பிங்கின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். போர்ட்ஸ்மத்தில் விசாரித்த அதிகாரிகள், கோழைத்தனம் இல்லை, துரோகமும் இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். முடிந்த அளவு முயற்சிக்கவில்லை, அவ்வளவுதான். 1749ல் திருத்திய சட்டப்படி அதற்கும் ஒரே தண்டனை, மரணம். குறைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால் தீர்ப்பை எழுதிய கையோடு கருணை காட்டச்சொல்லியும் எழுதினார்கள். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மசியவில்லை.

1757 மார்ச் 14, 'மோனார்க்' கப்பலின் மேல்தளம். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றுதான் பிங் முதலில் சொன்னாராம். சுடுகிறவர்கள் தடுமாறுவார்கள் என்று மற்றவர்கள் சொன்னதும் ஒத்துக்கொண்டு, மெத்தையில் மண்டியிட்டு, கைக்குட்டையைக் கீழே போட்டார். அதுதான் சுடுவதற்கான சைகை.

தண்டனையைக் குறைக்க நீதிபதிகளுக்கு வழிவிட்டு 1779ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிங்குக்கு மன்னிப்பு வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டதை 2007ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் மறுத்துவிட்டது.